மாம்பலத்தில் ரயில் ஏறுங்கள்

கொழும்புத் தமிழர்களுக்குச் சென்னை தெரியாது என்று சொன்னால் வெள்ளவத்தையில் பாதிப்பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்வருகிறவர்கள் அவர்கள். பனகல் பார்க் பக்கம் எந்த லொட்ஜில் தண்ணீர் ஒழுங்காக வரும், எந்தக் கடையில் எந்த மாடியில் கூறைச் சாறி, எந்தத் தையல்காரர் சொன்ன நாளில் பிளவுஸ் தைத்துத் தருவார், எல்லாம் அத்துப்படி. வடபழனி முருகனுக்கு ஒரு அர்ச்சனை, முடிந்தால் காஞ்சிபுரத்துக்கு ஒரு வான், கடைசி இரவு முழுக்க தராசில் பெட்டி நிறுத்துப் பார்ப்பது. சரி, இவ்வளவும் தெரிந்தவர்களைத் தெரியாதவர்கள் என்று எப்படிச் சொல்லலாம்? அவர்களுக்குத் தெரிந்தது தி. நகர். அதிலும் ரங்கநாதன் தெருவில் தொடங்கி பாண்டி பஜார் முடிகிற இடம்வரை.

ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் எனக்கு எதிரே இருந்த ஒரு பெரியவர் சொன்னதுதான் இதையெல்லாம் எழுத வைத்தது. "சென்னையில பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? உடுப்பு எடுக்கப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மற்றப்படி வெயிலும் சனமும்தானே." சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் ஓட்டோக்காரர் கூடக் காசு வாங்கிய கதையைச் சொன்னார், இன்னொருவர் அதைவிடப் பெரிய கதை ஒன்று சொன்னார். பாயாசம் வந்ததும் பேச்சு மாறிவிட்டது. எனக்கு மட்டும் அது மாறவில்லை. சிங்கப்பூருக்குப் போனால் ஒவ்வொரு மூலையிலும் நின்று படம் எடுக்கிற நாங்கள், கட்டுநாயக்காவிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலத்தில் போய் இறங்கக்கூடிய, நாங்கள் பேசுகிற மொழியையே பேசுகிற, கடற்கரையோரப் பெருநகரம் ஒன்றை ஏன் ஒரு பெரிய துணிக்கடையாக மட்டும் பார்க்கிறோம்?

நேரம் இல்லை என்பதுதான் எல்லாரும் சொல்கிற காரணம். அதில் உண்மை இருக்கிறது. கலியாணப் பட்டியலோடு போகிறவருக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு எடுத்துக்கொடுக்க வேண்டிய சாறிகளின் கணக்குத்தான் தலைக்குள் ஓடும். ஆனால் அந்தப் பயணங்களில் எப்போதும் ஒரு வெற்று மாலை வரும். தையல்காரர் "நாளைக்கு வாங்க" என்பார், பெரியம்மாவின் கால் வீங்கிவிடும், எல்லாரும் ஏசியைப் போட்டுவிட்டுப் படுத்து சீரியல் பார்ப்பார்கள். சென்னையைப் பார்க்க அந்த மாலை போதும். நான் போனதும் அப்படி ஒரு மாலையில்தான்.

பீச் வரைக்கும் ஒரு டிக்கட்

ரங்கநாதன் தெருவின் மேற்குக் கோடியிலேயே மாம்பலம் ரயில் நிலையம் இருக்கிறது. எத்தனையோ ஆயிரம் கொழும்புக்காரர்கள் அதன் படிக்கட்டடியில் நின்று தோள்பை வாங்கியிருக்கிறார்கள், ஆனால் மேலே ஏறியவர்கள் குறைவு. பீச் வரை டிக்கட் பத்து ரூபாய்க்கு மேல் போகாது. மின்சார ரயில் இந்தப் பாதையில் 1931 முதல் ஓடுகிறது. கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், பார்க், கோட்டை, பீச். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சாதாரணமாக ஏறி இறங்குகிற பெண்கள், வாசலில் காற்று வாங்குகிற கல்லூரிப் பையன்கள், மல்லிகைப்பூச் சரத்தை முழம் போட்டுக்கொண்டே பெட்டிக்குப் பெட்டி போகிற அம்மா. மருதானையிலிருந்து கரையோரப் பாதையில் வீட்டுக்கு வருகிற ஒருவருக்கு இந்த நெரிசலில் பயப்பட ஒன்றுமே இல்லை. மகளிர் பெட்டி தனியாக உண்டு.

எழும்பூர் வந்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். எங்கள் அம்மப்பா இந்த நிலையத்தைப் பற்றி எப்போதும் சொல்வார். பாம்பன் பாலம் திறந்த 1914 முதல் இங்கே ரயில் ஏறுகிறவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் வந்து, அங்கே காத்திருக்கிற ரயிலில் ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். போட் மெயில் என்றுதான் அதைச் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்தப் பாதை முறிந்தது, அதன்பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடி, எண்பதுகளில் யுத்தத்தோடு அதுவும் நின்றது. என்னை விடுங்கள், இன்று ஐம்பது வயதுக்காரருக்கே அது கேள்விப்பட்ட கதைதான். ஆனால் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற அந்தக் கட்டடம் அப்படியே இருக்கிறது, அதன் மேடைகளிலிருந்து இன்றும் தெற்கே ரயில் போகிறது. கொழும்புக்குப் போகிறவர்கள் பெட்டி படுக்கையோடு நின்ற மேடை அது. ஒருவரும் இறங்கிப் பார்ப்பதில்லை.

பீச் நிலையத்தில் இறங்கினால் கடற்கரை இருக்காது, அதை முன்னமே சொல்லிவிடுகிறேன். எதிரே துறைமுகச் சுவர், இந்தப் பக்கம் ராஜாஜி சாலை, அதற்கு உள்ளே ஜார்ஜ் டவுன். எங்கள் புறக்கோட்டையில் கெய்சர் வீதிக்குத் துணி, செட்டியார் தெருவுக்கு நகை, கபோஸ் லேனுக்கு நாட்டுமருந்து என்று இருப்பதைப்போல இங்கேயும் தெருவுக்கு ஒரு வியாபாரம். ஒன்றில் கலியாண அழைப்பிதழ், அடுத்ததில் பாத்திரம், அதற்கடுத்ததில் மின்சாமான். நாட்டாமைகள் தள்ளுவண்டியோடு "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டு வருவார்கள். காலை வைக்க இடம் தேடித்தான் நடக்க வேண்டும். புறக்கோட்டையில் நடக்கத் தெரிந்தவருக்கு இங்கே வழிகாட்டி தேவையில்லை.

இந்தத் தெருக்களில் எங்கள் ஆட்களின் தடம் இருக்கிறது. ஆறுமுக நாவலர் 1849இல் அச்சு இயந்திரம் வாங்கப் பட்டணம் வந்தார், பிற்காலத்தில் அவருடைய வித்தியாநுபாலன அச்சகம் தங்கசாலைத் தெருவில்தான் நடந்தது. பாடசாலையில் நாவலர் விழாவுக்குப் பேச்சு மனனம் செய்த பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்தத் தெரு இன்றும் இருக்கிறது, மின்ட் தெரு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள் என்று தெரியும்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தார், சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். பழைய ஏடுகளைத் தேடி அச்சேற்றிய தாமோதரம்பிள்ளை வாழ்ந்து உழைத்த நகரம் இது. மயிலாப்பூருக்குப் போகிற சைவர்கள் கபாலீச்சரத்தில் பூம்பாவைப் பதிகம் பாடுகிறார்கள், நல்லது, ஆனால் ஒரு நாள் தங்கசாலையிலும் நடந்து பாருங்கள். அந்தத் தெருவில் இப்போது வடநாட்டார் கடைகள்தான் கூட, நெய் ஜிலேபியும், இரண்டு முறுக்குக்கு நடுவே சட்னியும் வெள்ளரிக்காயும் தக்காளியும் வைத்துத் தருகிற ஒரு சாண்ட்விச்சும் கிடைக்கும். கிட்டத்தில் என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையில், இரவில் நெய்யும் பொடியும் மிதக்கிற குட்டி இட்டிலியை நின்றபடியே சாப்பிடலாம். கந்தகோட்டத்துக்கும் அங்கிருந்து நடைதூரம். வள்ளலார் சிறுவயதில் பாடிய முருகன், வடபழனியைவிட எவ்வளவோ அமைதியான சந்நிதி.

அத்தோ

நான் நின்று நிதானித்தது வேறு இடத்தில். பீச் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், பர்மா பஜாரின் பின்தெருவில், பின்னேரமானால் தள்ளுவண்டிக் கடைகள் வரிசையாக வந்துவிடும். பர்மாவில் 1962இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் கடைகளையும் காணிகளையும் இழந்து கப்பலேறிய தமிழர்களுக்குப் பிழைப்புக்காக 1969இல் உருவானதுதான் பர்மா பஜார். அவர்களோடு வந்த சாப்பாடு அத்தோ.

செய்கிற விதத்தைப் பார்க்கவே அங்கே நிற்கலாம். ஆரஞ்சு நிறத்தில் தடித்த நூடுல்ஸ், குவியலாக. அதில் ஒரு பிடியை வட்டிலில் போட்டு, முடிமுடியாக அரிந்த கோவா, வெங்காயம், பொன்னிறமாகப் பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு, ஒரு கரண்டி புளிக்கரைசல், பூண்டு பொரித்த எண்ணெய், கொஞ்சம் கொத்தமல்லி. மேலே பேஜோ என்கிற மொறுமொறுத் தட்டையைக் கையாலேயே நொறுக்கிப் போட்டு, எல்லாவற்றையும் விரலால் பிசைந்து, தேசிக்காய் பிழிந்து, தட்டில் கொட்டித் தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். மிளகு தூக்கலாக, கொஞ்சம் தடிப்பாக, கொதிக்கக் கொதிக்க. நூடுல்ஸ் ஆறியிருக்கும், சூப் சுடும், இரண்டையும் மாறி மாறிச் சாப்பிட வேண்டும், அதுதான் கணக்கு. முட்டையும் தனியாகக் கிடைக்கும், அவித்த முட்டையைப் பிளந்து உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்து, புளித்தண்ணீர் விட்டு ஒரே வாயில் போடுவது. நான் சென்னையில் சாப்பிட்டதிலேயே மிக நல்ல சாப்பாடு அதுதான். பெயர்போன சைவ ஹோட்டல்களை எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடை நடத்தியவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். "காரம் இன்னும் போடட்டாம்மா?" என்று கேட்டார். "காணும் அக்கா" என்றேன். பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நிற்க, நிமிர்ந்து பார்த்தார்.

"சிலோனா நீ?"

"ஓம் அக்கா, கொழும்பு."

"எங்க அம்மா ரங்கூன்ல பொறந்தவங்க. நாங்க வியாசர்பாடி. எங்க வூட்டுக்காரரோட பெரியம்மா உங்க ஊருதான். அட்டன் பக்கம் ஏதோ எஸ்டேட்டு. கப்பல்ல வந்து எறங்குனவங்க. இத்தினி வருசம் ஆச்சு, இன்னும் பால் ஊத்தாத டீதான் குடிப்பாங்க, சக்கரைய உள்ளங்கைல வெச்சுகினு."

எனக்குக் கையில் தட்டு இருந்தது, சாப்பிட முடியவில்லை. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தைச் சோதனைக்குப் படித்தவள் நான். 1964 ஒக்டோபர். நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழர் 9,75,000 பேர், இந்தியா எடுப்பது 5,25,000, இலங்கை ஏற்பது 3,00,000, மிச்சம் பிறகு பார்ப்பது. எந்த இலக்கம் எந்தப் பக்கம் என்று மாறிவிடாமல் எழுதினால் புள்ளி கிடைக்கும். போகிறவர்களை யாரும் கேட்கவில்லை என்பதும் தெரியும், அதையும் ஒரு வரியில் எழுதியிருப்பேன். அந்த 5,25,000க்குள் இருந்த ஒருவர், நான் நிற்கிற இடத்திலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில், உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடிக்கிறார் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை. கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேற்றினார்கள் என்று படித்திருந்தோம். பர்மாவிலிருந்து வந்த குடும்பமும் மலையகத்திலிருந்து வந்த குடும்பமும் வியாசர்பாடியில் சம்பந்தி ஆகியிருப்பார்கள் என்று நான் நினைத்தும் பார்த்ததில்லை.

அவர் சூப்பை ஊற்றிக்கொண்டே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களைப் பற்றி அடுத்த கேள்வியைக் கேட்டார். "அங்க இன்னும் லயத்துலதான் இருக்காங்களா?"

"ஓம் அக்கா. நிறையப் பேர் இன்னும் லயத்திலதான்."

"அடப்பாவமே" என்றார். பிறகு பக்கத்தில் நின்ற பையன்களுக்கு முட்டை பிளக்கப் போய்விட்டார்.

உடுப்பு எடுக்கப் போன ஊரில், பர்மா பஜாரின் பின்தெருவில், என் நாட்டைப் பற்றி என்னிடம் யாரும் கேட்காத கேள்வியை ஒரு அத்தோக் கடைக்கார அக்கா கேட்டார். கொழும்பில் நாங்கள் நுவரெலியாவுக்கு விடுமுறைக்குப் போகிறோம், ரயில் அட்டனைத் தாண்டும்போது பச்சையைப் படம் எடுக்கிறோம், லயங்களும் அந்தப் படத்துக்குள் விழுகின்றன. அந்தக் கேள்விக்குப் பிறகு சென்னை எனக்கு அக்கரை நகரமாகத் தெரியவில்லை. வங்காள விரிகுடாவைச் சுற்றி எங்கெல்லாம் தமிழரை வெளியே போ என்றார்களோ, அங்கிருந்தெல்லாம் வந்து இறங்கியவர்கள் சேர்ந்து செய்த ஊர் அது. எங்கள் கதையின் ஒரு பாதி அங்கே வண்டி தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல், "பார்க்கிறதுக்கு என்ன இருக்கு" என்று சொல்வதை இனி என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது.

மற்ற மாலைகள்

அன்று இரவு பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா அட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "நாளைக்கு என்னையும் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ" என்றார். கால் வீக்கத்தோடு ஜார்ஜ் டவுன் சரிவராது என்று திருவல்லிக்கேணிக்குப் போனோம்.

திருவல்லிக்கேணி நடக்கத் தெரியாதவருக்கும் ஏற்ற இடம், பத்தடிக்கு ஒருமுறை எங்கேயாவது உட்காரலாம். ரத்னா கபேயில் இரண்டு இட்டிலி கேட்டால், இட்டிலி மூழ்கும்வரை ஜக்கிலிருந்து சாம்பார் ஊற்றுவார்கள், குடித்து முடித்தால் திரும்பவும் ஊற்றுவார்கள். 1948இலிருந்து இருக்கிற கடை. பெரியம்மா சாம்பாரை முழுக்கக் கரண்டியால் குடித்தார், அதற்குப்பிறகு ஒரு ஃபில்டர் கோப்பி. பார்த்தசாரதி கோவில், அதன் கிட்ட பாரதி கடைசியாக வாழ்ந்த வீடு, எல்லாம் ஒரு சுற்றுக்குள் வந்துவிடும். 1795இல் ஆர்க்காட்டு நவாப் குடும்பம் கட்டிய பெரிய பள்ளிவாசலும் அங்கேதான். நோன்பு காலத்தில் அங்கே நோன்பு திறக்கிற சாப்பாட்டை, பிரிவினையில் வீடிழந்து வந்த சிந்திகளின் சூஃபிதார் கோவிலிலிருந்து சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள், பல பத்தாண்டுகளாக. வந்து சேர்ந்தவர்கள் வந்த இடத்துக்குச் செய்கிற வேலை இது. இப்படி ஒன்றைக் கொழும்பிலும் பார்க்க எனக்கு ஆசை.

அங்கிருந்து மெரினாவுக்கு வந்தால் விவேகானந்தர் இல்லம். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் பத்திரப்படுத்தக் கட்டிய கட்டடம், ஐஸ் ஹவுஸ் என்றால்தான் ஓட்டோக்காரருக்குத் தெரியும். விவேகானந்தர் மேற்கிலிருந்து திரும்பி வந்தபோது 1897 ஜனவரி 15ஆம் திகதி முதலில் கால் வைத்தது கொழும்பில். கண்டி, அனுராதபுரம், யாழ்ப்பாணம், பாம்பன், மதுரை வழியாகப் பெப்ரவரியில் சென்னை வந்து தங்கியது இந்த வீட்டில். கொழும்புக்காரர் ஒருவர் இந்த வாசலில் நிற்பதற்கு இதைவிடக் காரணம் தேவையா? அப்புறம் மணலில் இறங்கி, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் வாங்கிக்கொண்டு இருட்டும்வரை இருந்தோம். காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடையோடு இருக்கிற குடும்பங்களைப் போலவே குடும்பங்கள். கடல் மட்டும் எங்களுக்குச் சூரியன் விழுகிற பக்கம், அவர்களுக்கு உதிக்கிற பக்கம்.

மயிலாப்பூரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் கூட்ட ஒன்றுமில்லை. கபாலீஸ்வரர் தரிசனம் முடிந்ததும் ஓட்டோ பிடிக்காமல் மாடவீதியை ஒரு சுற்று நடந்து, காளத்தி கடையில் ரோஸ் மில்க் குடித்து, பொன்னம்பல வாத்தியார் தெருவில் சன்னல் வழியாக விற்கிற பஜ்ஜியைச் சாப்பிடுங்கள். மார்கழியில் போனால் சபா கன்டீன்களில் டிக்கட் இல்லாமலே சாப்பிடலாம், கச்சேரி கேட்காதவர்கள்கூட அதற்கென்று வருகிறார்கள்.

எழும்பூர் மியூசியத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 1851இல் தொடங்கியது, அதன் செப்புத்திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் நிற்கிறார். பொலன்னறுவையில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த சோழர்காலத் திருமேனிகள் எங்கள் கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் ஒரே கைவேலையின் இரண்டு கரைகளும் கண்முன்னே வரும். பெரியம்மா அந்தக் கூடத்தில் கைகூப்பியபடி ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாக நின்று நின்று போனார், நான் அவசரப்படுத்தவில்லை. வெள்ளிக்கிழமை பூட்டு, அன்றைக்குப் போக வேண்டாம். வெயிலுக்குப் பயந்தால் தை, மாசியில் போங்கள், கோவில்கள் மத்தியானம் நடை சாத்திவிடும் என்பதால் உச்சி வெயிலுக்கு மியூசியம்தான் நல்ல இடம்.

தி. நகரில் கடைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சாறி வேண்டும், கலியாணம் நடக்க வேண்டும். ஆனால் இப்போது விமான நிலையத்திலிருந்து மண்ணடி வரை மெட்ரோ நேராகவே வருகிறது, மாம்பலத்திலிருந்து ரயில் எப்போதும் இருக்கிறது. ஒரு மாலையை மட்டும் ஒதுக்குங்கள்.

ஊருக்கு வருவதற்கு முன் ஒரு பின்னேரம் பெரியம்மாவையும் அத்தோக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டுக் கதைத்தார்கள். வியாசர்பாடியில் இருக்கிற அந்தப் பெரியம்மாவிடம் தோட்டத்தின் பெயரைக் கேட்டு வைப்பதாக அக்கா சொன்னார், ஃபோன் நம்பரும் தந்தார். பெயர் கிடைத்ததும் அட்டனுக்குப் போய் அந்தத் தோட்டத்தில் அவர்களுடைய சொந்தக்காரர் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். பெரியம்மாவிடம் படித்த பிள்ளைகள் இப்போது அந்தப் பக்கப் பாடசாலைகளில் படிப்பிக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேருக்குப் பெரியம்மா ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார்.